தார்ப்பாயில் படகுப்பாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே பாய் தைக்க உட்காருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். ஓரிருவர் உட்காரும் சிறு படகு, துடுப்புப் படகு, கேனோ இவற்றுக்கான பாய் மட்டும்தான் பேச்சு.

சில சொற்களை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். காற்றுக்குத் தக்கபடி இழுத்தும் விட்டும் கையில் பிடிக்கும் கயிறு தாமான். பாயைக் கட்டியிருக்கும் கழி பருமல். பாயின் மூலைகளை முன்கீழ், முன்மேல், பின்மேல், பின்கீழ் என்றே சொல்வோம்.

தார்ப்பாயில தைச்ச பாய்ல படகு நிஜமாவே ஓடுமா, இல்ல விளையாட்டுக்கா?

ஓடும். சிறு படகுகளுக்குக் கடையில் விற்கும் பாலியெஸ்டர் பாய்த்துணி சதுர மீட்டருக்கு 160, 170 கிராம் இருக்கும். நல்ல தார்ப்பாயும் கிட்டத்தட்ட அந்த எடைதான். பாய்த்துணிக்கு விறைப்பு அதிகம், வெயிலையும் அதிக நாள் தாங்கும். ஆனால் படகை இழுப்பது துணியின் விலை அல்ல, பாய் எடுக்கும் வளைவு. சரியாக வெட்டிய தார்ப்பாய், தப்பாக வெட்டிய விலையுயர்ந்த துணியைத் தாராளமாக முந்தும்.

எந்தத் தார்ப்பாய் வாங்கணும்? நீலக் கலர் மெல்லிசா இருக்கே, அது போதாதா?

பழகிப் பார்க்கப் போதும். தார்ப்பாய் என்பது பாலிஎதிலீன் நாடாக்களைப் பாவும் ஊடையுமாக நெய்து, இரண்டு பக்கமும் அதே வகை பிளாஸ்டிக்கைப் பூசியது. மெல்லிய நீல வகை பெரும்பாலும் 100 ஜிஎஸ்எம்முக்கும் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) கீழே இருக்கும். அதில் நெசவு இடைவெளி விட்டுத் தெரியும், பாய் சீக்கிரம் இழுபட்டுத் தொளதொளத்துப் போகும். 180 முதல் 220 ஜிஎஸ்எம் வரை உள்ளதும், 'யூவி' பாதுகாப்பு உள்ளதாக எழுதியிருப்பதும் பாய்க்குச் சரி. அதற்கு மேல் போனால் மடிப்பில் விறைத்துக்கொள்ளும், வீட்டு மெஷின் முக்கும்.

வாங்கும்போது ஒரு மூலையைக் கையில் பிடித்து, முதலில் நெசவு போகும் திசையில் இழுங்கள், அப்புறம் குறுக்காக, அதாவது தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் திசையில் இழுங்கள். எந்தத் தார்ப்பாயும் கிராஸில் நீளத்தான் செய்யும். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா, அலை அலையாக நிற்கிறதா என்பதைப் பாருங்கள். அலை நின்றால் அது வேண்டாம்.

பெட்ஷீட், குடைத்துணி, சாக்கு இதெல்லாம் ஆகாதா?

பருத்தி பெட்ஷீட் இளங்காற்றில் அழகாக நிற்கும். நனைந்தால் கனத்துவிடும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். குடைத்துணியும் நைலான் கூடாரத் துணியும் மெலிது, பலம், ஆனால் ரொம்ப நீளும். பின்காற்றில் போக மட்டும் அவை நன்றாக உதவும். பிளாஸ்டிக் சாக்கை ஒட்டுப்போட்டுச் சேர்த்தால் தையலே பாதிப் பாயாகிவிடும்.

டைவெக் என்ற பொருள் கிடைத்தால் முயன்று பார்க்கலாம். நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்தது என்பதால் அதற்குப் பாவு ஊடை கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெட்டலாம். புதிதாக இருக்கும்போது காகிதம் மாதிரி சலசலக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசினால் அடங்கும்.

என் படகுக்கு எவ்வளவு பெரிய பாய் போடலாம்?

ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகின் நீளம் 2.3 மீட்டருக்குச் சற்று மேல், பாய் சுமார் 3.3 சதுர மீட்டர். சன்பிஷ் 4.2 மீட்டர், பாய் சுமார் 7. உங்கள் படகை இந்த இரண்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குறுகலான கேனோவுக்கு 3 சதுர மீட்டரே தாராளம், ஏனென்றால் நீளத்தைவிட அகலம்தான் கவிழாமல் காக்கிறது.

மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் 4 சதுர மீட்டர் பாய் ஏறக்குறைய 8 கிலோ விசையோடு தள்ளும். காற்று இரட்டித்து 36 ஆனால் விசை இரட்டிப்பதில்லை. நாலு மடங்காகி 30 கிலோவைத் தாண்டிவிடும். பெரிய பாயாகத் தைக்க ஆசை வரும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை தைக்கிறேன். எந்த வடிவம் சுலபம்?

மேலே ஒரு பருமல், கீழே ஒரு பருமல், நடுவில் நாற்கோணப் பாய். கீழ்ப் பருமலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பாய்மரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும். பாய்மரம் குட்டையாக இருந்தால் போதும், அதை இழுத்துக் கட்டும் கம்பி எதுவும் வேண்டாம். ஆஞ்சானை அவிழ்த்தால் எல்லாம் ஒரே நொடியில் படகுக்குள் வந்து விழும். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே இதைச் சொல்கிறோம்.

முக்கோணப் பாய் பார்க்க எளிது. ஆனால் அதே பரப்புக்கு உயரமான மரம் கேட்கும்.

அளவெடுத்து வெட்டுறதைப் படிப்படியா சொல்லுங்க.

சோதித்துச் சரிபார்க்கக்கூடிய ஓர் அளவு தருகிறோம். மேலோரம் 2.20 மீட்டர், கீழோரம் 2.20, முன்னோரம் 1.40, பின்னோரம் 2.70. முன்கீழ் மூலையிலிருந்து பின்மேல் மூலைக்குக் குறுக்களவு 3.19, பின்கீழிலிருந்து முன்மேலுக்கு 2.65. பரப்பு சுமார் 4.2 சதுர மீட்டர். 3க்கு 4 மீட்டர் தார்ப்பாய் ஒன்று போதும், மூலைக்கு வைக்கும் பட்டைகளும் மிச்சத்தில் தேறும். நாலு ஓரமும் சரியாக இருந்து குறுக்களவு மட்டும் தப்பினால் பாய் சாய்ந்துபோன கட்டில் மாதிரி ஆகிவிடும். அதனால் குறுக்களவை இரண்டு முறை பாருங்கள்.

வழவழப்பான தரையில் தார்ப்பாயைச் சுருக்கமில்லாமல் விரித்து, கனமான எதையாவது ஓரங்களில் வையுங்கள். முதலில் பின்னோரத்தைக் குறியுங்கள். அந்தக் கோடு நெசவு நாடாவோடு ஒட்டியே போக வேண்டும். பின்னோரத்தைத் தாங்கிப் பிடிக்கக் கழி எதுவும் இல்லை, அது கிராஸில் விழுந்தால் நாலு நாளில் நீண்டு தொங்கிவிடும். மற்ற இரண்டு மூலைகளையும் நூல் கட்டி வட்டம் போடும் முறையில் பிடித்துவிடலாம்.

மூலைகள் கிடைத்ததும் ஓரங்களுக்கு வளைவு வரையுங்கள். மேலோரமும் கீழோரமும் நேர்கோட்டுக்கு வெளியே 5 சென்டிமீட்டர் உப்ப வேண்டும், உப்பலின் உச்சி முன்னாலிருந்து 40 சதவீதத் தூரத்தில் வரட்டும். பின்னோரம் உள்ளே 3 சென்டிமீட்டர் குழிய வேண்டும். முன்னோரம் நேராக இருக்கலாம். மெல்லிய நீளக் கம்போ பிவிசி குழாயோ எடுத்து வளைத்து, ஆணிக்குப் பதில் செங்கல் வைத்து நிறுத்தி, அதன் ஓரமாக மார்க்கர் பேனாவை ஓட்டினால் வளைவு இழுத்தாற்போல் வரும். கையால் வரையாதீர்கள், மேடு பள்ளம் தெரியும். கோட்டுக்கு வெளியே மடிப்புக்கு 4 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

ஓரத்தை ஏன் வளைச்சு வெட்டணும்? நேரா வெட்டினா என்ன கெட்டுப்போகும்?

நேராக வெட்டினால் பாய் பலகை மாதிரி தட்டையாக நிற்கும். பின்காற்றில் அதுவும் தள்ளும். ஆனால் காற்றை ஒருச்சாய்த்து வாங்கிப் போக வேண்டுமானால் பாய்க்கு வயிறு வேண்டும். வளைத்து வெட்டிய ஓரத்தை நேரான கழியில் கட்டும்போது, அந்த அதிகப்படித் துணி உள்ளே தள்ளப்பட்டு வயிறாகிறது. முழு விஷயமும் இவ்வளவுதான்.

எவ்வளவு துணி அதிகம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2 மீட்டர் அகலப் பாயில் அகலத்தின் 8 சதவீதம் ஆழத்துக்கு வயிறு விழ 3.4 சென்டிமீட்டர் துணி கூடுதலாக வேண்டும். 10 சதவீதத்துக்கு 5.3, 12 சதவீதத்துக்கு 7.7. பார்த்தீர்களா, ஓரிரு சென்டிமீட்டரில் பாயின் குணமே மாறிவிடுகிறது. 8 முதல் 10 வரை நல்லது. தார்ப்பாய் தானாகவே கொஞ்சம் நீளும் என்பதால் குறைவான பக்கமே சாய்ந்திருங்கள்.

வளைவுக் கணக்கெல்லாம் வேண்டாம். டாட் பிடிச்சா ஆகாதா?

ஆகும். உடுப்புக்கு டாட் பிடிப்பதேதான் இதுவும். முன்கீழ் மூலையிலும் முன்மேல் மூலையிலும், ஓரத்தில் 4 சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கி 60 சென்டிமீட்டர் உள்ளே போய்ப் பூஜ்யமாக முடியும் முக்கோண மடிப்பு ஒன்று எடுங்கள். அது பாயின் நடுவை நோக்கிப் போகட்டும். முனையில் சட்டென்று நிறுத்தாமல் கடைசி 10 சென்டிமீட்டரை மெல்லக் கரைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் குமிழ் நிற்கும்.

டாட் பிடித்தால் ஓர வளைவைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டையும் முழுசாகச் செய்தால் பாய் பை மாதிரி ஆகிவிடும். பின்னோரத்துப் பக்கம் டாட் ஒருபோதும் வேண்டாம்.

தைக்கணுமா, ஒட்டினா போதுமா? வீட்டு மெஷின் தாங்குமா?

இரண்டும் செய்யுங்கள். பாலிஎதிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, எபாக்சியும் காய்ந்ததும் தகடாக உரிந்து வந்துவிடும். அதன் மேற்பரப்பு எதையும் ஒட்டவிடாத வகை. பிடிப்பது வெளிப்புற உபயோகத்துக்கான இருபக்க ஒட்டு டேப் மட்டும். ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை வைத்து, கரண்டியின் முதுகால் அழுந்தத் தேயுங்கள். டேப் பக்கவாட்டு இழுவையைத் தாங்கும். ஆனால் ஓரத்திலிருந்து உரிக்கும் விசையைத் தாங்காது, வெயிலில் இளகி நகரும். அதனால்தான் மேலே தையல்.

வீட்டு மெஷின் இரண்டு மூன்று மடிப்பைத் தாங்கும். 16ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல், தையல் நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர். சின்னத் தையல் பலம் என்று நினைத்து நெருக்கிப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி துளைவரிசையாகி அதே கோட்டில் கிழியும். பருத்தி நூல் வேண்டாம், இற்றுவிடும். டேப்பின் பசை ஊசியில் ஏறி நூல் அறுந்துகொண்டே இருந்தால், கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை ஆல்கஹால் தொட்ட துணியால் ஊசியைத் துடையுங்கள். டேப்பின் மேல் தைக்காமல் அதை ஒட்டினாற்போல் பக்கத்தில் ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

மடிப்புக்குள்ளே 6 மில்லிமீட்டர் கயிறு ஒன்றை ஓடவிட்டுத் தைத்தால் முன்னோரத்து இழுவையைத் துணிக்குப் பதில் கயிறு வாங்கிக்கொள்ளும். மூலைகளில் கயிற்றைத் துணியோடு சேர்த்துக் கையால் நாலு குத்துக் குத்திவிடுங்கள்.

பாய்க்குப் பெயிண்ட் அடிச்சு அழகு பண்ணலாமா?

பசை பிடிக்காததற்குச் சொன்ன காரணமேதான், பெயிண்ட்டும் உதிரும். நிறம் வேண்டுமென்றால் வேறு நிறத் தார்ப்பாயை வெட்டி மேலே தையுங்கள்.

முதல் நாளே ஐலெட்டோட மூலை பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. என்ன தப்பு?

தார்ப்பாயோடு ஏற்கெனவே வந்த ஐலெட்டை, அதாவது கயிறு கோக்கும் உலோக வளையத்தை, நம்பியிருப்பீர்கள். மேலே சொன்ன 30 கிலோ விசை கடைசியில் நாலு மூலைகளில்தான் போய்ச் சேருகிறது. ஒற்றைத் துணியில் ஒரு துளை அதைத் தாங்காது.

மூலைக்கு மூன்று பட்டைகள் வையுங்கள். மூலையிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்று, அதன்மேல் 20, அதன்மேல் 12. மூன்றையும் ஒரே அளவில் வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால் விசை முழுதும் ஒரே விளிம்பில் நின்று, அங்கே கிழியும். பட்டையின் நெசவும் பாயின் நெசவும் ஒரே திசையில் இருக்கட்டும். ஐலெட் பித்தளையில் வாங்குங்கள், உப்புத் தண்ணீரில் அலுமினியம் பூத்துப் பொடியாகும். துளை ஐலெட்டின் கழுத்தைவிடச் சின்னதாக, திணித்து நுழைக்கும்படி இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து குறைந்தது 3 சென்டிமீட்டர் உள்ளே அடியுங்கள், ஓரத்துக் கயிற்றோடு இரண்டு சுற்றுக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

ஐலெட் அடிக்கிற கருவி இல்லை. வேற வழி இருக்கா?

ஒரு கோலிக்குண்டு போதும். ஓரத்து மடிப்புக்குக் கொஞ்சம் உள்ளே, துணிக்குப் பின்னால் குண்டை வைத்து, முன்பக்கம் துணி குமிழாக எழும்படி தள்ளுங்கள். குமிழின் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினால் குண்டும் நகராது, கயிறும் நழுவாது. துளையே இல்லாததால் கிழிவது தொடங்க இடமில்லை. பருமலில் பாயை 20 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டாகக் கட்டும் இடங்களுக்கு இது அருமை. மூலைகளுக்கு மட்டும் பட்டை வைத்துத்தான் ஆக வேண்டும்.

கட்டுகளைத் தனித்தனியாகப் போடுங்கள். ஒரே கயிறாகச் சுற்றிக்கொண்டு போனால் ஓரிடத்தில் அறுந்ததும் முழுதும் அவிழும்.

பருமலுக்கு மூங்கில் சரியா வருமா? கயிறு எது?

2.2 மீட்டர் பருமலுக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் தடிமனில் முற்றிய காய்ந்த மூங்கில் நன்றாக வரும். துளை போடாதீர்கள், பிளக்கும். கணுவுக்குப் பக்கத்தில் கட்டினால் கயிறு நழுவாது. இரு முனைகளையும் நூல் சுற்றி இறுக்கிவிடுங்கள்.

முக்கியமான சோதனை ஒன்று. கழியின் இரு முனைகளையும் நாற்காலிகளில் வைத்து, நடுவில் 5 கிலோ தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர் வளைந்தால் மேலோர உப்பலில் 5க்குப் பதில் 7 வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் பாடுபட்டு வரைந்த வளைவைக் கழியே தின்றுவிடும், பாய் தட்டையாகிவிடும். 5 சென்டிமீட்டருக்கு மேல் வளைகிற கழி தேவையில்லை.

கயிறு பாலியெஸ்டர்: ஆஞ்சானுக்கு 6, கையில் பிடிக்கும் தாமானுக்கு 8 மில்லிமீட்டர். ஆஞ்சானுக்கு நைலான் போட்டால் காற்று ஏறும்போதெல்லாம் நீண்டு, பாய் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பாய்ல மூலைக்கு மூலை ஒரு மடிப்பு விழுது. தையல் தப்பா?

பெரும்பாலும் கட்டியது தப்பு. மடிப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். முன்மேல் மூலையிலிருந்து பின்கீழ் மூலைக்குப் போனால் முன்னோரம் தளர்ந்திருக்கிறது. ஆஞ்சானை உச்சிவரை ஏற்றிவிட்டு, கீழ்ப் பருமலைப் பாய்மரத்தோடு கீழே இழுக்கும் கயிற்றை நன்றாக இறுக்குங்கள், உங்கள் கனத்தையே அதில் போடுங்கள். பின்மேல் மூலையிலிருந்து முன்கீழ் மூலைக்குப் போனால் இறுக்கம் அதிகம். காற்று இல்லாத நேரத்தில் இந்த இரண்டாவது மடிப்பு லேசாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், காற்று நிறைந்ததும் மறையும்.

பருமல் ஓரமாகச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் கட்டுக்குக் கட்டு தெரிந்தால், மேலோரத்தை நீளவாட்டில் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள். எங்கே கட்டினாலும் மறையாத மடிப்பு மட்டும்தான் தையல் தப்பு. அநேகமாக டாட் முனையில் இருக்கும்.

பின்னோரம் படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு.

பின்னோரத்தை உள்ளே குழிக்காமல் நேராகவோ வெளியே உப்பியோ வெட்டியிருப்பீர்கள், அல்லது அது கிராஸில் விழுந்திருக்கும். முதலாவதானால் மடிப்பைப் பிரித்து 3 சென்டிமீட்டர் குழித்து மறுபடி தைத்தால் தீர்ந்தது. இரண்டாவதானால் மடிப்புக்குள் 3 மில்லிமீட்டர் கயிறு ஒன்றை ஓடவிட்டு, மேலே கட்டி, கீழே சற்றே இழுத்து முடியுங்கள். ரொம்ப இழுத்தால் ஓரம் கொக்கியாக வளைந்து காற்றை அடைக்கும். அடிப்பு நிற்கிற அளவோடு நிறுத்துங்கள். சத்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்தப் படபடப்பில்தான் பூச்சு வெடித்து நாடா பிரிகிறது.

பின்காற்றுல பறக்குது, எதிர்காற்றுல பக்கவாட்டுலயே தள்ளிட்டுப் போகுது. பாயை மாத்தணுமா?

முதலில் தண்ணீருக்குள் பாருங்கள். பக்கவாட்டில் நகராமல் தடுக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையோ பக்கப்பலகையோ இல்லாத படகு எந்தப் பாய் போட்டாலும் பக்கவாட்டில்தான் போகும். 4 சதுர மீட்டர் பாய்க்கு, தண்ணீருக்குள் இருக்கும் பலகைப் பரப்பு பாயின் 4 சதவீதம், அதாவது 40க்கு 40 சென்டிமீட்டர் அளவாவது வேண்டும்.

பலகை இருந்தும் எதிர்காற்றில் ஏறவில்லை என்றால் அப்போது பாயைச் சந்தேகிக்கலாம். வயிறு அதிகமா? தாமானை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா? முன்னோரம் நடுங்கத் தொடங்கும்வரை தாமானை விட்டு, நடுக்கம் நிற்கும் இடம்வரை மட்டும் இழுத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், காற்று வரும் திசைக்கு 50, 60 பாகைக்கு உள்ளே இந்த வகைப் பாய் போகாது. மீதியை இரண்டு பக்கமும் மாறி மாறி வளைந்துதான் ஏற வேண்டும்.

காற்று திடீர்னு ஏறிட்டா?

தாமானை விடுங்கள். அதற்காகவே அதை எங்கும் முடிச்சுப் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். பாயைச் சுருக்க ஏற்பாடு வேண்டுமென்றால், கீழ்ப் பருமலுக்கு 60 சென்டிமீட்டர் மேலே அதற்கு இணையாக ஒரு பட்டை தைத்து, 40 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டுக் கயிறு வையுங்கள். அந்த வரிசையின் இரு முனைகளும் புது மூலைகளாகிவிடும், அதனால் அங்கேயும் மூன்றடுக்குப் பட்டை வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

கரை கண்ணில் இருக்கும் அமைதியான தண்ணீருக்கான பாய் இது. உயிர்காப்பு ஜாக்கெட்டும் ஒரு துடுப்பும் படகில் எப்போதும் இருக்கட்டும்.

எத்தனை நாள் உழைக்கும்? எப்போ தூக்கிப் போடணும்?

பாலிஎதிலீனுக்கு எதிரி காற்று அல்ல, வெயில். ஓடி முடித்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, பருமலைச் சுற்றி உருட்டி நிழலில் வையுங்கள். ஒரே கோட்டில் மடித்து மடித்து வைத்தால் பூச்சு அந்தக் கோட்டில் வெடிக்கும்.

மாதம் ஒருமுறை மேலோரத்துப் பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தாலோ, இரண்டு விரலால் கசக்கும்போது பூச்சு செதிலாக உதிர்ந்தாலோ அந்தப் பாயின் காலம் முடிந்தது, ஒட்டுப் போட்டுப் பயனில்லை. அந்த நிலைக்கு அப்புறமும் ஓட்டினால் நாடா நாடாவாகப் பிரிந்து தண்ணீரில் பிளாஸ்டிக்காக மிதக்கும். பிரிப்பதற்கு முன் அதைத் தரையில் விரித்து, புதுத் தார்ப்பாயை மேலே போட்டு மூலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நீண்டிருக்கிறதோ அங்கே இந்த முறை ஒரு சென்டிமீட்டர் குறைத்து வெட்டலாம். பித்தளை ஐலெட்டுகளையும் ஓரத்துக் கயிற்றையும் கழற்றிப் புதுப் பாய்க்குப் போட்டுக்கொள்ளுங்கள்.